புரையும் பூவும்

முதுமையின் வேதியியலில் தொடங்கி ஸ்டெம் செல்லில் வந்து சேர்ந்த ஒரு தமிழ் விஞ்ஞானி

திருவண்ணாமலை வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை என்றால் மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கம், சேத்துப்பட்டு, கலசப்பாக்கம், ஜவ்வாது மலை என்று நாலாபக்கமிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்களில் வயதானவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். உதவித்தொகை நின்றுபோனது, பட்டாவில் பெயர் மாறவில்லை, பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று ஆளுக்கொரு குறை. மனு எழுதிக் கொடுப்பவரிடமிருந்து தாளை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்து, கடைசியில் "நீயே படிச்சிக் காட்டு சாமி" என்று திருப்பிக் கொடுத்துவிடும் பெரியவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. கண்ணுக்கு என்ன என்று கேட்டால் ஒருவர் புரை என்பார். இன்னொருவர் "பூ விழுந்துட்டுது" என்பார்.

புரை வேறு, பூ வேறு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது புரை. வயது ஏற ஏற யாரையும் விட்டுவைக்காதது. கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கருவிழிப் படலம் வெளுத்துப்போவது பூ. கதிர் அறுக்கையில் தாள் குத்தியோ, சுண்ணாம்பு தெறித்தோ, சின்ன வயதில் சத்துக் குறைந்தோ எந்த வயதிலும் வரக்கூடியது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. அந்த மூன்று மில்லிமீட்டரைக் கடக்க துரைராஜன் பாலசுப்ரமணியனுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அறிவியல் வட்டாரத்தில் அவர் 'பேராசிரியர் பாலு'. 1939-ல் தமிழ்நாட்டில் பிறந்து, ராஜஸ்தானின் பிலானியில் வேதியியல் படித்தவர். 1965-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். மின்னசோட்டாவில் சிறிது காலம். 1966-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியர் வேலை. படித்தவர்கள் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் விமானத்திலிருந்து இறங்கியவர். 1977-ல் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், 1982-ல் அதே ஊரில் சி.சி.எம்.பி. எனப்படும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், 1993 முதல் 1998 வரை அந்த மையத்தின் இயக்குநர் நாற்காலி. பணி ஓய்வு பெறும் வயதில், எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவு.

கவனிக்க வேண்டியது, இவர் டாக்டர் அல்ல, கத்தியைத் தொட்டதில்லை. புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி உருக்குலைகின்றன என்பதை ஆராய்ந்த வேதியியலாளர். 1981-ல் கிடைத்த பட்நாகர் விருதும் வேதியியலுக்கானதுதான். கண் அவருக்கு ஒரு சோதனைக்கூடமாகவே அறிமுகமானது. அப்படி அறிமுகமானதால்தான், முதுமை என்றால் என்ன என்ற கேள்வியை மருத்துவர்கள் கேட்காத கோணத்திலிருந்து அவரால் கேட்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறந்தபோது செய்தது, சாகும்வரை

நம் உடம்பில் பெரும்பாலானவை வாடகைக்கு இருப்பவை. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். குடலின் உள்ளுறை சில நாட்களுக்கொரு முறை மாறிவிடுகிறது. தோல் மாதக்கணக்கில் உதிர்ந்து புதிதாகிறது. கண் லென்ஸ் அப்படியில்லை. லென்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புரதங்கள் தாய் வயிற்றில் இருக்கும்போதே செய்யப்பட்டவை. அதன் பிறகு அவற்றை மாற்ற உடம்பிடம் வழியே கிடையாது. ஒளி தடையில்லாமல் ஊடுருவ வேண்டும் என்பதற்காக லென்ஸின் செல்கள் தங்கள் உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் தாங்களே கலைத்துவிடுகின்றன. புதுப் புரதம் செய்யும் எந்திரம் அதோடு போய்விடுகிறது. எண்பது வயதுப் பாட்டியின் லென்ஸுக்கு நடுவில் இருக்கும் புரதத்தின் வயதும் எண்பது. சரியாகச் சொன்னால் எண்பதும் சில மாதங்களும்.

இதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2008-ல் விசித்திரமான ஒரு முறையில் நிரூபித்தார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வான்வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததால் காற்றில் கார்பன்-14 எக்கச்சக்கமாக ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. ஒருவர் பிறந்த ஆண்டின் காற்றில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அவர் லென்ஸில் பூட்டப்பட்டுக் கிடக்கும். இறந்தவர்களின் லென்ஸை அளந்து பிறந்த ஆண்டைக் கணித்தார்கள். கணக்குப் பொருந்தியது.

இந்த லென்ஸ் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர். ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகை. அவற்றில் ஆல்ஃபாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பதை 1992-ல் அமெரிக்காவில் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். சேதமான புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் ஆல்ஃபாவும் புதிதாக வரப்போவதில்லை. இருக்கும் கையிருப்பு ஐம்பது அறுபது ஆண்டுகளில் கரைந்துவிட்டால், அதற்கு மேல் சேதமாகும் புரதங்கள் கட்டியாகச் சேரத் தொடங்கும். ஒளி சிதறும். அதுதான் புரை. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொண்டதும் கீழே நிற்கும் லட்சக்கணக்கான பேர் கைகூப்புகிறார்களே, அவர்களில் புரை தொடங்கிவிட்டவர்களுக்குச் சுடர் ஒரு புள்ளியாகத் தெரியாது. சுற்றிலும் ஒளிவட்டம் கட்டி விரிந்துதான் தெரியும். தரிசனம் கூடுதலாகக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்பவர்களும் இருக்கலாம்.

பாலுவும் அவருடைய மாணவர்களும் கேட்டது, அந்தச் சேதத்தை முதலில் செய்வது யார் என்பதை. வெயில் ஒரு குற்றவாளி. புரதத்தில் உள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் புறஊதா ஒளி பட்டு ஆக்சிஜனோடு வினைபுரிந்து கைநூரெனின் வகைப் பொருளாக மாறும். அதற்கு மஞ்சள் நிறம். லென்ஸ் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குக் காப்பிக்கொட்டை நிறத்துக்கே போய்விடுகிறது. மங்கிப்போன லென்ஸுக்குள் ஒளியைப் பாய்ச்சி அளப்பது சிரமம். அதனால் ஒளி பட்டதும் பொருளிலிருந்து எழும் மிக நுண்ணிய ஒலியைக் கேட்டு நிறமிகளை அளக்கும் முறையைப் பாலு கையாண்டார். உடன் நின்ற மாணவர் மோகன் ராவ் பின்னாளில் சி.சி.எம்.பி.யின் இயக்குநரானார்.

அடுப்புப் புகையும் அமுக்கராவும்

டெல்லியில் நடந்து 1989-ல் வெளியான இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று, புரை வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டபோது எதிர்பாராத ஒரு தொடர்பைக் கண்டது. சாணி வறட்டி, விறகு போன்ற மலிவான எரிபொருளில் சமைக்கும் வீடுகளில் புரை அதிகம். புகை கண்ணில் பட்டால் எரியும், நீர் வடியும், அது வெளிக்கண். உள்ளே மூடிக்கிடக்கும் லென்ஸுக்குப் புகை எப்படிப் போகும்?

பாலுவின் குழு புகையைக் குளிர வைத்துத் திரவமாக்கியது. சிகரெட் புகை ஒரு பக்கம், விறகுப் புகை ஒரு பக்கம். 1994-ல் வெளியான கட்டுரையின் சாரம் இதுதான்: இரண்டிலும் உள்ள சில பொருள்கள் லென்ஸ் புரதத்தில் ஆக்சிஜனேற்றச் சேதம் செய்கின்றன, நிறத்தையும் ஏற்றுகின்றன. மூச்சில் இழுத்தது இரத்தத்தின் வழியாகவும் கண்ணுக்குப் போக முடியும். வேலிக்காத்தான் விறகை ஊதி ஊதி ஐம்பது வருடம் சமைத்த ஒரு அம்மாள், பீடியைக் கையால் தொடாமலே, பீடி குடித்தவரின் லென்ஸோடு ஆட்சியர் அலுவலகத்தில் வந்து நிற்கலாம் என்பது இதன் பொருள். எரிவாயு சிலிண்டரை நுரையீரல் கணக்கில் மட்டுமே பேசிப் பழகிய நமக்கு இது இன்னும் உறைக்கவில்லை.

சேதம் ஆக்சிஜனேற்றத்தால் என்றால், அதைத் தடுக்கும் பொருள்கள் புரையைத் தள்ளிப்போடுமா? 2001-ல் தேநீரைச் சோதித்தார்கள், கறுப்பும் பச்சையும். எலிகளுக்குச் செயற்கையாகப் புரை வரவழைத்துப் பார்த்ததில் தேயிலைச் சாறு அதன் வேகத்தைக் குறைத்தது. பிறகு ஜின்கோ. 2003-ல் அஸ்வகந்தா, அதாவது நம் அமுக்கரா. கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு அமுக்கரா லேகியம் தெரியாமல் இருக்காது. நரை திரை மூப்பு நீக்கும் கற்பம் என்று சித்த மருத்துவம் பட்டியலிடும் மூலிகைகளில் ஒன்று. அதற்குள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று ஹைதராபாத் சோதனைக்குழாய் சொன்னது உண்மை. அமுக்கரா சாப்பிட்டால் மனிதருக்குப் புரை வராது என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் நாட்டில் பல கம்பெனிகள் பிழைக்கின்றன.

புரைக்கு மருந்து இன்றுவரை வரவில்லை. ஜெயித்தது கத்தி. சுஸ்ருதர் காலத்திலிருந்தே ஊசியால் புரையை உள்ளே தள்ளிவிடும் வைத்தியம் இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை சரபோஜி மன்னர் கண் சிகிச்சைக்கென்றே ஏற்பாடு செய்து, நோயாளிகளின் குறிப்புகளைக் கண் ஓவியங்களோடு எழுதி வைத்தார். 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1992-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அந்த லென்ஸின் விலையை ஏழைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கியது. இன்று கால் மணி நேர வேலை. இருந்தும், 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குப் புரையே காரணம். வேங்கிக்காலிலிருந்து வேலூர் ஷெல் கண் மருத்துவமனைக்கோ புதுச்சேரி அரவிந்துக்கோ பஸ் இருக்கிறது. கூட்டிப்போக ஆள்தான் வேண்டும். இது உயிரியல் தீர்க்கும் சிக்கல் அல்ல.

அப்படியானால் இருபதாண்டு லென்ஸ் வேதியியல் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. 1989-ல் பாலுவின் குழு, நீரில் கரையாததைக் கரைய வைக்கும் சிறு மூலக்கூறுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியது. ஹைட்ரோட்ரோப் என்று பெயர். சோப்பு, சாயத் தொழிற்சாலைக்காரர்கள் மட்டும் அக்கறைப்பட்ட விஷயம். 2017-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் டோனி ஹைமனின் குழு, எல்லா உயிர்களுக்கும் ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறும் ஒரு ஹைட்ரோட்ரோப்தான், புரதங்கள் கட்டியாகாமல் காப்பது அதன் மறைமுகப் பணி என்று காட்டியது. செல்லுக்கு வயதாகி ஆற்றல் குறையும்போது புரதக் கட்டிகள் ஏன் சேர்கின்றன என்பதற்கு அதில் ஒரு குறிப்பு கிடைத்தது. ஹைதராபாத்தில் ஓடிய ஒரு வேதியியல் கேள்வி அல்சைமர் நோயின் வாசல்வரை போய் நிற்கிறது.

இதே துறையில் ஏமாற்றங்களும் உண்டு. 2015-ல் லானோஸ்டெரால் என்ற பொருள் புரையைக் கரைக்கிறது, நாய்களின் கண் தெளிந்தது என்று 'நேச்சர்' இதழில் வந்த செய்தி உலகைச் சுற்றியது. அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்த மனிதப் புரைகளை அதே கரைசலில் ஊறவைத்துப் பார்த்தார்கள் பெங்களூரு மருத்துவர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் செய்தி உலகைச் சுற்றவில்லை.

மிஸ்ஸியம்மா இயக்குநரின் மருத்துவமனை

1998-ல் பாலு போய்ச் சேர்ந்த எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் பெயரில் இருப்பவர் நமக்கு அந்நியர் அல்ல. 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' படங்களை இயக்கிய, சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோவின் அதே எல்.வி. பிரசாத். அமெரிக்காவிலிருந்து திரும்பிய கண் மருத்துவர் குல்லபள்ளி நாகேஸ்வர ராவுக்கு நிலமும் பணமும் கொடுத்து 1987-ல் அந்த மருத்துவமனை எழக் காரணமானவர். அங்கே மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். காலையில் நோயாளியைப் பார்த்த டாக்டர் மதியம் படியேறி வந்து வேதியியலாளரிடம் சந்தேகம் கேட்க முடியும். நம் நாட்டில் இது அபூர்வம். அப்படி ஒரு சந்தேகத்தில் தொடங்கியதுதான் பிறவிக் கண் அழுத்த நோய்க்கான மரபணுத் தேடல். சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்களில் சி.ஒய்.பி.1பி1 என்ற மரபணுவின் பிழைகளைப் பாலுவின் குழு அடையாளம் கண்டது. மாமன் மகள், அக்காள் மகள் என்று பெண்ணெடுக்கும் நமக்கும் வேண்டிய தகவல்.

இடையில் இன்னொரு வாழ்க்கையும் அவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'தி இந்து'வில் பல பத்தாண்டுகளாக அவர் எழுதிய அறிவியல் பத்தியைப் படித்துவிட்டு உயிரியல் எடுத்தவர்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். 1996-ல் ஜெயந்த் நார்லிகருக்குக் கிடைத்த யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு, அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்ததற்காக அடுத்த ஆண்டு இவருக்குக் கிடைத்தது. 2002-ல் பத்மஸ்ரீ.

விளிம்பில் ஒரு நாற்றங்கால்

கண்ணாடி முன் நின்று உங்கள் கண்ணைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் வட்டக் கோடு தெரிகிறதா? லிம்பஸ் என்று பெயர். அங்கேதான் கருவிழியின் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. லென்ஸ் ஒருபோதும் தன்னைப் புதுப்பிப்பதில்லை என்று பார்த்தோம். அதற்கு முன்னால் நிற்கும் கருவிழியின் மேற்தோலோ வாரம் பத்து நாளுக்குள் முழுக்க மாறிவிடுகிறது. தூசி, வெயில், இமையின் உராய்வு எல்லாவற்றிலும் அது உதிர உதிர, லிம்பஸ் என்ற நாற்றங்காலிலிருந்து புதுச் செல்கள் நடுப்பக்கம் நகர்ந்து வந்து இடத்தை நிரப்புகின்றன. 1971-ல் இரண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை ஊகித்தார்கள். 1980-களில் அமெரிக்க ஆய்வகங்கள் சான்று காட்டின.

சுண்ணாம்போ அமிலமோ கண்ணில் விழுந்தால் முதலில் கெடுவது இந்த நாற்றங்கால். அது போய்விட்டால் வெள்ளை விழியின் தோல் எல்லை தாண்டிக் கருவிழி மேல் படர்ந்துவிடும், இரத்தக் குழாய்களோடு. பிறர் தானமளித்த கருவிழியைப் பொருத்தினாலும் பயனில்லை. அதன் மேற்தோல் உதிர்ந்ததும் நிரப்ப ஆளில்லாமல் பழையபடி மூடிக்கொள்ளும். இந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் கை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோல் செல்களைக் கூடத்தில் வளர்க்கலாம் என்று 1975-ல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் காட்டியதிலிருந்து ஒரு வழி திறந்தது. 1997-ல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி குழு, நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து துளி லிம்பஸை எடுத்து வளர்த்துக் கெட்ட கண்ணில் பொருத்தியது. அந்த முறையில் எலியின் செல்களைத் துணைக்கு வைத்துத்தான் வளர்க்க வேண்டும். செலவும் அதிகம்.

ஹைதராபாத்தில் விரேந்தர் சங்வான் அறுவை சிகிச்சை நிபுணர். கீதா வேமுகண்டி திசு நோயியல் மருத்துவர். பாலு ஆராய்ச்சி இயக்குநர். 2001-ல் தொடங்கினார்கள். எலி செல்லை விலக்கினார்கள். செல்களுக்குத் தரையாக மனிதப் பனிக்குடத்தின் சவ்வை விரித்தார்கள். பிரசவம் முடிந்தால் நஞ்சோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறோமே, அதே சவ்வு. அதன் மேல் லிம்பஸ் துணுக்கை வைத்து, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊட்டினால் பத்து முதல் பதினான்கு நாளில் செல்கள் ஒரு விரிப்பாகப் பரவும். அந்த விரிப்பைச் சவ்வோடு கண்ணில் தைத்தார்கள். 2003-ல் முதல் கட்டுரை. 2011-ல் இருநூறு நோயாளிகளின் பத்தாண்டுக் கணக்கைப் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 71 சதவீதம் வெற்றி. ஸ்டெம் செல் என்றால் நாளைய வாக்குறுதி என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, ஹைதராபாத்தின் பஞ்சாரா ஹில்ஸில் இருக்கும் அந்த மருத்துவமனையில் இது வாடிக்கையான சிகிச்சையாகியிருந்தது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. செல்களை வளர்க்கக் கூடம் வேண்டும், தூய காற்று வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இது நடக்காது. கூடத்தில் செல் செய்வதைக் கண்ணிலேயே செய்யுமா என்று கேட்டார்கள். நல்ல கண்ணிலிருந்து இரண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் லிம்பஸ். அதை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, கருவிழி மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் இடைவெளி விட்டு நட்டு, பசை போட்டு ஒட்டிவிடுவது. நாற்றுப் பறித்து அதே நாளில் வயலில் நட்டதுபோல. செல்கள் அங்கேயே பரவிக் கண்ணை மூடின. ஸ்லெட் என்று அழைக்கப்படும் இந்த முறை 2012-ல் ஆறு நோயாளிகளோடு வெளியானது. சங்வான், சயன் பாசு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஷீலா மக்நீல் ஆகியோரோடு பாலுவும் அதில் ஆசிரியர். 2016-ல் 125 கண்களின் கணக்கு வந்தது: 76 சதவீதம் வெற்றி.

பத்தாண்டு உழைத்துக் கட்டிய செல் வளர்ப்புக் கூடம் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தேவையே இல்லை என்று அதே கூடத்தின் ஆட்கள் கையெழுத்திட்டு வெளியிட்டிருக்கிறார்கள். இத்தாலிய முறை 2015-ல் ஹோலோக்ளார் என்ற பெயரில் ஐரோப்பாவின் முதல் அங்கீகாரம் பெற்ற ஸ்டெம் செல் மருந்தாக வந்தது. அதன் விலையைக் கேட்டால் நம் ஊர்க்காரர் நிலத்தை விற்றாலும் போதாது. ஸ்லெட்டில் விற்க மருந்து என்று ஒன்றும் இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கண்ணாவது நன்றாக இருந்தால்தான் இந்த வழி. இரண்டும் போய்விட்டால் உறவினரிடம் எடுக்க வேண்டும், ஆயுளுக்கும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படலாம். பூ ஆழமாகப் பதிந்திருந்தால் தானக் கருவிழி தவிர வேறு கதியில்லை.

நாற்றங்காலுக்கும் வயதாகும்

புதுப்பித்துக்கொண்டே இருக்கும் திசுவுக்கு மூப்பே வராது என்று நினைத்துவிடக் கூடாது. இளைஞர்களின் லிம்பஸை உருப்பெருக்கியில் பார்த்தால் வரிவரியாகக் கம்பி வேலிபோல் மடிப்புகள் தெரியும். ஸ்டெம் செல்கள் பதுங்கும் இடம் அது. வயது ஏற ஏற மடிப்புகள் மங்கும்.

எந்தச் செல் உண்மையான ஸ்டெம் செல் என்று கண்டுபிடிப்பதே கடினம். அதில் மதுரைக்குப் பங்கு உண்டு. வி.ஆர். முத்துக்கருப்பன் 1965-லேயே சுண்டெலிக் கருவில் லென்ஸ் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர். ராபர்ட் அவர்பாக்குடன் சேர்ந்து, கருவிழியில் இரத்தக் குழாய் முளைப்பதை அளக்கும் முறையை 1979-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேர் சொன்ன பேராசிரியர். ஓய்வுக்குப் பிறகு அரவிந்தின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து, 2005-ல் தம் குழுவோடு ஓர் எளிய அடையாளத்தைச் சொன்னார்: பி63 என்ற புரதம் நிறைய இருக்க வேண்டும், செல்லின் அளவோடு ஒப்பிட உட்கரு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த செல்கள் லிம்பஸில் மிகச் சொற்பம். அதே கூடம் 2019-ல், கண்ணிலிருந்து நீரை வடித்துவிடும் வலைத் திசுவில் உள்ள ஸ்டெம் செல்கள் வயதோடு குறைகின்றன என்று தானக் கண்களில் எண்ணிக் காட்டியது. முதியவர்களுக்குக் கண் அழுத்த நோய் ஏன் அதிகம் என்பதற்கு அது ஒரு தடயம்.

2016-ல் சீனாவிலிருந்து வந்த செய்தியும் இதோடு சேர்கிறது. பிறவிப் புரையோடு பிறந்த பன்னிரண்டு குழந்தைகளுக்கு லென்ஸின் உறையைக் கெடுக்காமல் புரையை மட்டும் நீக்கினார்கள். உறையில் ஒட்டியிருந்த செல்கள் புது லென்ஸையே வளர்த்தன. அப்படியானால் லென்ஸுக்கும் தன்னைப் புதுப்பிக்கும் ஆற்றல் குழந்தைப் பருவத்தில் கொஞ்சம் இருக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு அப்படி வளராது.

இதையெல்லாம் படித்துவிட்டு, முதுமையை ஸ்டெம் செல் ஊசியால் திருப்பித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. முழங்கால், சர்க்கரை, ஆட்டிசம், முகச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டியில், வரையறுக்கப்பட்ட நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகை ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றவை ஆராய்ச்சிதான், அவற்றை விற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், நாம் ஏன் சாகிறோம் என்பதைப் பற்றி 2024-ல் எழுதிய நூலிலும் இளமை வியாபாரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

உண்மையான ஸ்டெம் செல் மருத்துவம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர், ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் ஓடும் அதே வேலூர் சாலையில் பஸ் ஏறினால் போதும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கியது. அங்கே அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகள் ஐந்து பேரின் இரத்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் செலுத்தித் திருப்பிக் கொடுத்தது. 2024 டிசம்பரில் வெளியான கணக்கில், மொத்தம் 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்கும் இரத்தக் கசிவு இல்லை. ஐந்து பேர்தான். அதைச் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட நிதானம்தான் அந்தக் கிளினிக்குகளிடம் இல்லாதது.

ஹைதராபாத்தில் வேலை நிற்கவில்லை. இந்துமதி மாரியப்பனின் குழு, முதிர்ந்த செல்லைப் பழைய கருநிலைக்குத் திருப்பும் யமனகா முறையில் செய்த செல்களிலிருந்து குட்டிக் கருவிழிகளைக் கிண்ணத்தில் வளர்த்து 2017-ல் காட்டியது. ஜப்பானின் ஒசாகாவில் அதே வகைச் செல்லால் செய்த கருவிழி விரிப்பை நான்கு பேருக்குப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு கண்ணும் போனவர்களுக்கான வழி அங்கிருந்து வரலாம்.

அதற்கு முன் நம் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. லிம்பஸ் கருகி வரும் குழந்தைகளில் பலருக்குக் காரணம், வெற்றிலைக்கென்று பெட்டிக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் சுண்ணாம்புப் பொட்டலம். விளையாட்டாக அமுக்கினால் வெடித்து நேராகக் கண்ணில் பீய்ச்சும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையிலும் தெறிக்கும். காரம் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். தாய்ப்பால் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டாம். கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு குழாய்த் தண்ணீரையோ குடத்துத் தண்ணீரையோ அரை மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றுங்கள். இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகளும் போக வேண்டும். ஆட்டோ அதன் பிறகு வரட்டும்.